டெல்றோயின் முழங்கால்

விநாயகம்: ...மூண்டு வருசமோ? உந்தக் காலுக்கு மூண்டு வருசக் கொன்ராக்ட் குடுத்த ஆளை எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ பாப்பம்.

புனிதம்: காட்டினால் என்ன செய்யப்போறியள்? ஓடிப்போய் அடிக்கப்போறியளோ? கதிரையாலை எழும்பவே உங்களுக்கு அஞ்சு நிமிசம் வேணும்.

ஸப்ரி: அண்ணையை விடுங்கோ அக்கா. மேல் வீட்டிலை இருந்து இறங்கிவந்து நான் இன்னும் சப்பாத்துக்கூடக் கழட்டேல்லை, அதுக்குள்ளை புருசனும் பெண்சாதியும் தொடங்கிட்டியள்.

விநாயகம்: இல்லை ஸப்ரி, நீ ஞாயத்தைச் சொல்லு. முப்பத்துமூண்டு வயசு. முழங்காலைக் கீறித் திறந்து, போன பாஸ்கெற்போல் சீசன் முழுக்க விளையாடாமல் கோட்டுச் சூட்டோடை வாங்கிலை இருந்தவன். அவனுக்கு அறுபது மில்லியன். அந்தக் காசுக்கு ரெண்டு இளம் பெடியளை எடுத்திருக்கலாம்.

ஸப்ரி: டெல்றோய் பாயிறதுக்கில்லை அண்ணை, மறிச்சுக்கொண்டு நிக்கிறதுக்கு. அந்தப் பெரிய உடம்பு நடுவிலை நிண்டால்தானே சின்னவங்கள் சுத்திப்போய் எறியலாம்.

விநாயகம்: நிக்கிறதுக்கு ஒரு மதிலைக் கட்டலாமே. மலிவு.

புனிதம்: வளையத்திலை பட்டுத் திரும்பிவாற பந்தை மதில் பிடிக்குமோ? போன மட்ச்சிலை ஒன்பது ரீபவுண்ட் எடுத்தவன் அவன்.

விநாயகம்: அதுக்கு முதல் மட்ச்சிலை மூண்டு. வெட்டின முழங்கால் வெட்டின முழங்கால்தான். அது பழையபடி வராது.

புனிதம்: வந்திட்டார் விசயத்துக்கு.

விநாயகம்: நான் டெல்றோயைச் சொல்லுறன்.

புனிதம்: நீங்கள் திங்கட்கிழமையைச் சொல்லுறியள்.

ஸப்ரி: திங்கட்கிழமை என்ன அக்கா?

புனிதம்: உங்கட அண்ணைக்கு முழங்கால் ஒப்பரேசன். பதினாலு மாசம் காத்திருந்து கிடைச்ச திகதி. இப்ப என்னெண்டால், போன் பண்ணி வேண்டாமெண்டு சொல்லப்போறாராம்.

ஸப்ரி: ஐயோ அண்ணை, விட்டால் திரும்ப வரிசையின்ரை வாலுக்குத்தான் போகவேணும்.

விநாயகம்: வால் நல்ல இடம். அங்கை ஒருத்தரும் கத்தியோடை நிக்கிறேல்லை.

புனிதம்: கேட்டியே கதையை?

விநாயகம்: எங்கட வேலையிடத்துக் கிளிபோட்டைப் பார். செய்து எட்டு மாசம். இன்னும் பொல்லோடைதான் திரியிறார்.

புனிதம்: கிளிபோட் அண்ணை மூண்டாம் நாளே பிசியோவை விட்டிட்டுச் சீட்டு விளையாடப் போனவர். டொக்டர் என்ன, வந்து அவருக்குச் சீட்டுப் போடுறதோ?

ஸப்ரி: மட்ச்சைப் போடுங்கோ. எனக்கு மத்தியானம் ஒரு வேலை கிடக்கு.

புனிதம்: பொறு. போனுகளைத் தாங்கோ ரெண்டுபேரும். சாமித்தட்டிலை வைக்கவேணும்.

ஸப்ரி: என்ரையையுமோ அக்கா?

புனிதம்: போன கிழமையும் அங்கைதானே இருந்தது. பிள்ளையார் ஒண்டும் சொல்லேல்லை. வெள்ளிக்கிழமை மட்ச்சைப் பதிஞ்சு வைச்சுச் சனிக்கிழமை காலமை மூண்டுபேரும் ஒண்டாய்ப் பாக்கிறது, அதுவரைக்கும் ஸ்கோர் ஒருத்தரும் அறியக்கூடாது. அது இந்த வீட்டுச் சட்டம். ஒருத்தருக்கும் தெரியாதுதானே?

விநாயகம்: எனக்கென்னெண்டு தெரியும்? ராத்திரி ஒரு மணி மட்டும் மிசிசாகாவிலை இருந்து காகோக் கணக்கு எழுதினனான்.

ஸப்ரி: நான்... ஒரு வீட்டிலை சூடாக்கிற பேர்னஸ் நிண்டுபோச்செண்டு திருத்தப் போனனான்.

புனிதம்: எனக்கும் நேசிங் ஹோமிலை பின்னேர வேலை. சரி, போடுங்கோ... இல்லை, பொறுங்கோ. இஞ்சாருங்கோ, ஒரு பந்தயம் பிடிப்பமே?

விநாயகம்: என்ன பந்தயம்?

புனிதம்: இந்த மட்ச்சிலை டெல்றோய் பத்து ரீபவுண்ட் எடுத்தானெண்டால், கொன்ராக்ட் பெறுமதி. நீங்கள் திங்கட்கிழமை வாய் திறவாமல் ஆஸ்பத்திரிக்கு வாறியள்.

விநாயகம்: எடுக்காட்டில்?

புனிதம்: எடுக்காட்டில் நானே போன் பண்ணி வேண்டாமெண்டுறன். பிறகு முழங்கால் எண்டொரு சொல்லு என்ரை வாயிலை வந்தால் ஏனெண்டு கேளுங்கோ.

ஸப்ரி: அக்கா, ஆஸ்பத்திரி விசயத்திலை பந்தயம்...

புனிதம்: நீ சும்மா இரு.

விநாயகம்: பத்துக் காணாது. அறுபது மில்லியனுக்குப் பன்ரண்டெண்டாலும் எடுக்கவேணும்.

புனிதம்: பன்ரண்டோ? அது... அது கூடிப்போச்சு.

விநாயகம்: ஏன், உம்மடை ஆள் திறமானவன் எண்டீர்?

புனிதம்: திறமானவன்தான். எண்டாலும் பத்து.

விநாயகம்: சரி. உமக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பதினொண்டு.

புனிதம்: பதினொண்டு... ஓம். பதினொண்டுக்கு நான் ஓம்.

விநாயகம்: ஏன் ஸப்ரி இருமுறாய்?

ஸப்ரி: தேத்தண்ணி புரைக்கேறிப்போச்சு அண்ணை.

விநாயகம்: தேத்தண்ணி இன்னும் ஊத்தவேயில்லை.

ஸப்ரி: அதுதான்... தொண்டை வறண்டுபோச்சு.

விநாயகம்: மட்ச் தொடங்கீட்டுது. டெல்றோய் ஓடிவாற வடிவைப் பாருங்கோ. கலியாண வீட்டிலை பந்திக்கு நடக்கிற மாதிரி.

புனிதம்: வந்து சேந்தான்தானே? பிடிச்சிட்டான். ரெண்டு.

விநாயகம்: அது அவன் பிடிக்கேல்லை. பந்துதான் அவனிலை வந்து முட்டினது.

ஸப்ரி: முட்டினாலும் கணக்குத்தான் அண்ணை.

விநாயகம்: பாதி மட்ச் முடிஞ்சுது. நாலு. நாலே நாலு. நான் சொன்னனானெல்லே?

புனிதம்: அவன் மறிச்சுக்குடுத்துத்தான் அந்தக் குள்ளப் பெடியன் பதினெட்டுப் புள்ளி எடுத்தவன். அதை ஏன் சொல்லுறியள் இல்லை?

விநாயகம்: மறிக்கிறதை ஆரப்பா எண்ணுறது?

புனிதம்: ஒருத்தரும் எண்ணுறேல்லைத்தான். முப்பது வருசமாய் நானும் மறிச்சுக்கொண்டுதான் நிக்கிறன், ஆர் எண்ணினது?

ஸப்ரி: அண்ணை, இதுக்கு நீங்கள் மறுமொழி சொல்லாமல் விடுறது நல்லம்.

விநாயகம்: நான் எங்கை வாய் திறந்தனான்?

புனிதம்: ஸ்ரேடியத்திலை அந்த உச்சி வரிசையிலை எத்தினை மட்ச் பாத்திருப்பம், ஸப்ரி. உங்கட அண்ணை சோளப்பொரிக்கு நாலுதரம் ஏறி இறங்குவார். இப்ப ரெண்டு வருசமாய் இந்தக் கதிரை. எனக்கு இந்தக் கதிரையைக் கண்ணிலை காட்டக்கூடாது. உங்களோடை திரும்ப அந்தப் படியிலை ஏறவேணும் போலை கிடக்கு, வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை.

விநாயகம்: ரெண்டாம் பாதி தொடங்கீட்டுது. பாரும்.

ஸப்ரி: ஆறு. ஏழு... இல்லை, விசில் அடிச்சிட்டாங்கள். பவுல்.

விநாயகம்: நாலாவது பவுல். வாங்கிலை கொண்டுபோய் இருத்தியாச்சு. முடிஞ்சுது அலுவல். அந்தப் போனை எடும்.

புனிதம்: என்ன அவசரம்? நான் போய் ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு வாறன்.

விநாயகம்: உம்மடை ஆள் வாங்கிலை, நீர் அடுப்படியிலையோ? உமக்குப் பதைப்பில்லையோ?

புனிதம்: பதைக்குது. பதைச்சால்தான் எனக்கு ரோல்ஸ் நல்லாய் வரும்.

ஸப்ரி: கெதியாய் வாங்கோ அக்கா. இப்ப அடுத்தடுத்து மூண்டு எடுக்கப்போறான்.

விநாயகம்: என்னது?

ஸப்ரி: எடுப்பான் போலை கிடக்கு எண்டு சொன்னனான்.

விநாயகம்: துவாயைத் தலையிலை போட்டுக்கொண்டு வாங்கிலை இருக்கிறவனோ?

ஸப்ரி: துவாயைக் கழட்டுற மாதிரி... ஆ, கழட்டீட்டான் பாருங்கோ.

புனிதம்: ஏழு. எட்டு. சட்டிக்குள்ளை கிடக்கிறதை ஆரும் பாருங்கோ... ஒன்பது.

விநாயகம்: உவன்ரை கால் உண்மையாய்த்தான் மடியுது.

புனிதம்: மடியுது. வெட்டின கால்தான்.

விநாயகம்: அவனுக்கு நோகாதோ?

ஸப்ரி: முதல் ரெண்டு மாசம் நொந்திருக்கும் அண்ணை. பிறகு விட்டிருக்கும்.

விநாயகம்: வெட்டேக்கை... மயக்கிப்போட்டுத்தானே வெட்டுறவங்கள்?

புனிதம்: மயக்கித்தான். நான் வெளியிலை இருப்பன்.

விநாயகம்: நான் டெல்றோயைக் கேட்டன்.

புனிதம்: டெல்றோயின்ரை மனிசியும் வெளியிலைதான் இருந்திருப்பா.

விநாயகம்: எழும்பி வந்தவுடனை ஆளைக் கண்டிருப்பானோ?

புனிதம்: கண் முழிக்க முதலே அவ பக்கத்திலை வந்து நிண்டிருப்பா. நீங்கள் இந்தப் பக்கம் பாருங்கோ, பத்து.

ஸப்ரி: பத்து. இன்னும் பதினாலு செக்கன் கிடக்கு.

விநாயகம்: மற்றவங்கள் எறியிறாங்கள்... விழேல்லை... டெல்றோய், எடடா. எடு, எடு...

புனிதம்: எடுத்திட்டான். பதினொண்டு.

விநாயகம்: அதிலை ரெண்டுபேற்றை கை பட்டது.

ஸப்ரி: கடைசியிலை ஆற்றை கையிலை இருந்தது அண்ணை?

விநாயகம்: ஓம்... அவன்ரை கையிலைதான். சரி, ஒத்துக்கொள்ளுறன். கொன்ராக்ட் பெறுமதிதான். திங்கட்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்?

புனிதம்: விடிய ஆறரைக்கு...

விநாயகம்: இதென்ன, வெண்டவ நீர். ஏன் அழுறீர்?

புனிதம்: நான் வெல்லேல்லை. நேற்று நேசிங் ஹோமிலை ஒரு கிழவிக்குப் பக்கத்திலை இருந்து முழு மட்ச்சும் பாத்திட்டன். பதினொண்டு எண்டு தெரிஞ்சுதான் உங்களோடை பந்தயம் பிடிச்சனான். சாமித்தட்டிலை போனை வைச்சிட்டு வந்து பச்சைப் பொய் சொன்னனான்.

விநாயகம்: புனிதம்...

புனிதம்: பொறுங்கோ, சொல்லி முடிக்கிறன். உங்களை ஏமாத்திக் கத்திக்குக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. அங்கை உங்களுக்கு ஒண்டு நடந்தால் நான் எப்பிடி உயிரோடை இருக்கிறது? பந்தயம் செல்லாது. விருப்பமில்லையெண்டால் போன் பண்ணி நிப்பாட்டுங்கோ.

ஸப்ரி: அக்கா... அந்தப் பேர்னஸ் ஏழு மணிக்கே திருத்தி முடிஞ்சுது. நானும் வீட்டை போய்ப் பாத்திட்டன்.

புனிதம்: அட பாவி. அப்ப இவ்வளவு நேரமும் கதிரையிலை துள்ளினது?

ஸப்ரி: பாத்திட்டன் எண்டு சொன்னால் இண்டைக்கு ரோல்ஸ் இல்லையெண்டுவியளோ எண்டு...

புனிதம்: இந்த மனிசன் ஒருத்தர்தான் பாவம், ஒண்டுமறியாமல் நடுவிலை இருந்து கத்தினது. இஞ்சாருங்கோ, என்னிலை கோவமோ?

விநாயகம்: வேலை முடிஞ்சு வரேக்கை காரிலை ரேடியோ சொல்லிப்போட்டுது.

புனிதம்: எதை?

விநாயகம்: எல்லாத்தையும். பதினொண்டையும்.

ஸப்ரி: அப்ப அந்தப் பன்ரண்டு?

விநாயகம்: அது ஒரு நடிப்புக்குச் சொன்னது. இவவின்ரை முகம் போன போக்கைப் பாத்திட்டு உடனை இறக்கீட்டன்.

புனிதம்: தோத்துப்போவன் எண்டு தெரிஞ்சுகொண்டோ பந்தயம் பிடிச்சனீங்கள்? ஏனப்பா?

விநாயகம்: பந்தயத்திலை தோத்து வாறன் எண்டால் தலை நிமிந்து வரலாமெல்லே. எனக்குப் பயமாய்க் கிடக்கு, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போம் எண்டு இந்த வயசிலை நான் வேறை எப்பிடியப்பா உமக்குச் சொல்லுறது?