படம். ஒருவர் சிரிக்கிறார். பூக்கள்.

இந்த ஆண்டுவிழாவுக்குத் தலைமையேற்று, நம் நகரின் நல்லது கெட்டது அனைத்துக்கும் முன்நிற்கும் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் முனிராஜ் ஐயா அவர்களே! இரவுப் பணி முடித்த களைப்போடும் இங்கே வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! வீட்டையும் கம்பெனியையும் இரு தோள்களில் சுமக்கும் தாய்மார்களே! தென்மாவட்டங்களிலிருந்து வந்து ஓசூரில் வேர்விட்ட சொந்தங்களே! இந்த மண்ணிலேயே பிறந்து தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் சொந்தங்களே! பதினொன்றாம் வகுப்பு மாணவி ஸ்வாதியின் பணிவான வணக்கம்.

"சமூக ஊடகத்தின் நன்மைகள்" என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். நன்மைகள் உண்டு; நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நன்மை நம் மூன்றாம் தெருவில் ஒரு வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. உள்ளே போகவில்லை. ஏன் போகவில்லை என்று பேசவே வந்திருக்கிறேன்.

மேகலா அக்காவை அறியாதவர் இங்கே உண்டா? பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கம்பெனி ஒன்றில் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்பவர். திரையில் எழுதியிருப்பதை அவருடைய கைப்பேசி குரலாகப் படித்துச் சொல்லும். நம் வாட்ஸ்அப் குழுவில் முதலில் பதில் போடுபவர் அவர்தான்.

"அக்கா, உங்க போன் இவ்ளோ வேகமா பேசுதே, எனக்கு ஒண்ணும் புரியல" என்பேன்.

"உனக்குப் புரிஞ்சுட்டா என் ரகசியத்தையெல்லாம் நான் எங்க வெக்கறது?" என்று சிரிப்பார்.

அதே கம்பெனியில் பேக்கிங் வேலை செய்பவர் இருளாயி பெரியம்மா. அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் காலையில் அக்கா கம்பெனி பஸ்ஸுக்குப் போவார். "ஏத்தா, மெதுவா பிடி. என் கை என்ன பஸ் கம்பியா?" என்ற குரல் கேட்டால், எங்கள் தெருவில் விடிந்துவிட்டது என்று பொருள்.

பெரியம்மாவின் மகள் தர்ஷினி அக்காவுக்குப் பிரசவ நேரம். "புள்ள பொறந்ததும் குரூப்புல போட்டோ போட்டுருவேன்" என்று பெரியம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஒரு காலையில் அவருடைய எண்ணிலிருந்து படம் வந்தது. மேகலா அக்காவின் கைப்பேசி சொன்னது: "படம். ஒருவர் சிரிக்கிறார். பூக்கள்."

அவ்வளவுதான் சொன்னது. அடுத்த நொடியே அக்கா குரல் செய்தி அனுப்பினார். "இருளாயி அக்கா! பாட்டி ஆயிட்டீங்க! வாழ்த்துக்கள்! ஸ்வீட் எப்போ?"

அது குழந்தையின் படம் அல்ல. சொந்த ஊரில் காலமான பெரியம்மாவின் தாயாருக்கான கண்ணீர் அஞ்சலி.

அன்பானவர்களே, அஞ்சலிப் படத்தை நாம் எப்படிச் செய்கிறோம்? ஏதோ ஒரு கல்யாணத்தில் சிரித்த முகத்தை வெட்டி எடுக்கிறோம். சுற்றிலும் பூ வைக்கிறோம். பெயரையும், நேரத்தையும், காலமானார் என்ற சொல்லையும் படத்துக்குள்ளேயே எழுதிவிடுகிறோம். கைப்பேசி சிரிப்பைச் சொன்னது, பூவைச் சொன்னது, சாவைச் சொல்லவில்லை!

குழுவில் ஒருவர் எழுதினார்: "சாவுக்கு ஸ்வீட் கேக்கற ஆளை இப்பதான் பாக்கறேன்." இன்னொருவர்: "எல்லாத்தையும் படிக்கற போன்னு பீத்திக்கிட்டாங்களே?"

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து கைப்பேசியை நீட்டினார். "ஸ்வாதி, அது என்ன படம்? பாத்துச் சொல்லு." படித்துச் சொன்னேன். அக்கா அன்றே குழுவிலிருந்து விலகினார்.

பெரியம்மா ஊரிலிருந்து திரும்பியதும் அக்கா தேடிப் போனார். "எல்லாருஞ் சரி, நீயுமாத்தா?" என்று கதவு சாத்தப்பட்டது. விளக்கம் சொல்ல நானும் போனேன். "அந்தப் பேச்ச எடுக்காத பாப்பா." இப்போது காலையில் எங்கள் தெருவில் முன்னால் ஒரு செருப்புச் சத்தம் போகிறது, பின்னால் ஒரு கோலின் சத்தம் போகிறது. நடுவில் பேச்சில்லை.

பின்வரிசையில் ஓர் அண்ணன் கேட்கிறார், "படத்துல இருக்கற எழுத்தைப் படிக்கத்தான் ஆப் வந்துடுச்சே?" வந்திருக்கிறது அண்ணா. சில நேரம் படிக்கும். மினுமினுக்கும் எழுத்தென்றால் திணறும். ஆனால் நம் வீட்டுத் துக்கத்தை ஒருவருக்குச் சொல்வது யார் பொறுப்பு? அவருடைய செயலியின் பொறுப்பா, நம் பொறுப்பா?

தண்ணீர் வராத நாள், படம். மின்தடை, படம். கண் சிகிச்சை முகாம், அதுவும் படம்! நீங்கள் சிரிக்கிறீர்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த விழாவின் அழைப்பிதழைத் தமிழில் தந்தோம், தெலுங்கில் தந்தோம், கன்னடத்தில் தந்தோம். பெருமைதான். ஆனால் படமாகத் தந்தோம். மூன்று மொழி இருந்தும் மேகலா அக்காவுக்கு ஒரு மொழியும் இல்லை!

படம் போடாதீர்கள் என்றா கேட்கிறேன்? போடுங்கள்! கீழே ஒரு வரி எழுதுங்கள் என்கிறேன். "எங்க அம்மா காலமாயிட்டாங்க" என்று ஒரு வரி இருந்திருந்தால், இந்தத் தெருவில் முதலில் மேகலா அக்காதான் அழுதிருப்பார்.

இதைப் பேச அவரிடம் அனுமதி கேட்டேன். "பேரைச் சொல்லியே பேசு. பாவம்னு மட்டும் சொல்லிடாத" என்றார். அதோ, கதவோரம் கடைசி நாற்காலியில் இருக்கிறார். முதல் வரிசையில் இருளாயி பெரியம்மா இருக்கிறார். பெரியம்மா, உங்கள் பேரன் பிறந்த செய்தி அக்காவுக்குத் தெரியும்; தெருவில் கேள்விப்பட்டார். குழந்தை யாரைப் போல இருக்கிறான் என்று கேட்க அவருக்கு ஆசை. அதை உங்களிடம்தானே கேட்க முடியும்?

பெரியம்மா எழுந்துவிட்டார். கோபித்துக்கொண்டு போகிறாரோ? நான் பேசியது தவறென்றால் மன்னியுங்கள் பெரியம்மா... இல்லை, கதவோரம் போகிறார். நாற்காலியை நகர்த்தி வழிவிடுங்கள். கொஞ்சம் அமைதி, அவர் பேசட்டும்.

"ஏத்தா மேகலா... பூவுன்னு மட்டுமா சொல்லுச்சு அந்தப் போனு? எனக்குத் தெரியாதுத்தா. பேரன் நல்ல கறுப்பு. எங்காத்தா மூக்கு அப்படியே இருக்கு. சிரிச்சா ஒத்தக் கன்னத்துல மட்டும் குழி விழுகுது."

கேட்டீர்களா? இதுதான் படத்துக்குக் கீழே நாம் எழுத வேண்டிய வரி.

அக்கா ஏதோ பதில் சொல்கிறார்; மேடை வரை கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும். அவர் கை எங்கே போகிறதென்று மட்டும் இங்கிருந்து தெரிகிறது: பெரியம்மாவின் முழங்கைக்கு.

இடம் தந்த சங்கத்துக்கும், செவி தந்த உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.