விளிம்பு வரைக்கும் டீ

என்ன பெரிய மாமா, அப்படிப் பாக்குறீங்க? உங்க வீட்டு வெளிநாட்டு மருமக தமிழ் பேசுறதுக்கா? மொதல்ல உக்காருங்க, டீ ஊத்துறேன். ரெண்டு ஃப்ளைட் மாறி பிஷ்கெக் வரைக்கும் சும்மாவா வந்திருப்பீங்க. கதிரேசன் நம்ம சாப்பாடு இல்லாம துரும்பா எளைச்சுட்டான், போய்க் கூட்டிட்டு வந்துருங்கன்னு அத்தை அனுப்பியிருக்காங்க. எளைச்சவரு போட்டோ அந்தா சுவத்துல இருக்கு, நல்லா பாத்துக்கங்க. போன மாசம்தான் டாக்டர் கோட்டுல பொத்தான் எட்டலன்னு புதுசு வாங்குனோம்.

தமிழ் யாரு கத்துக் குடுத்தாங்கன்னா கேக்குறீங்க? உங்க தம்பி மகனா? நல்லா சொன்னீங்க. அவருக்கு அடுப்ப எந்தப் பக்கம் திருகுறதுன்னே தெரியாது. யூடியூப்ல ஒரு அக்கா சமைப்பாங்க, ஆறு வருஷமா அவங்கதான் வாத்தியார். மொத தடவ தாளிச்சப்ப பாதிக் கடுகு என் தலைமுடியில. இங்க புளிக்கு எங்க போறது? ஓஷ் சந்தையில காஞ்ச புளிப்புப் பிளம்ஸ் வாங்கி, ஊறவச்சுக் கரைச்சு ரசம் வச்சேன். குடிச்சுட்டு, எங்கம்மா வைக்கிற மாதிரி இல்லன்னாரு. ஆமா, அவங்கம்மாவும் நானும் ஒரே மலையிலயா பொறந்தோம்?

இட்லிக்கு இதைவிடக் கூத்து. குளிர்காலத்துல மாவுப் பானைய கம்பளியில சுத்தி ஹீட்டர் குழாய் மேல வைப்பேன். வசந்தம் வந்ததும் ஊர் முழுக்கப் பொதுவா ஓடுற ஹீட்டர நிறுத்திடுவாங்க. அப்ப மாவு உப்பாது, உங்க தம்பி மகன் மூஞ்சிதான் உப்பும்.

இப்ப என்னன்னா, எனக்கே ரசம் இல்லாம சோறு எறங்க மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமையானா அவரு எங்க சொந்தக்காரங்க வீட்டுல குதிரைக்கறி நூடுல்ஸ வெட்டுறாரு, நான் இங்க தனியா வத்தக்குழம்பு. யாரு யாரக் கெடுத்தாங்கன்னு அத்தைகிட்ட கேட்டுச் சொல்லுங்க.

கிண்ணம் காலியா? குடுங்க. ஏன் பாதியே ஊத்துறேன்னு பாக்குறீங்களா? அத்தை வந்திருந்தப்பவும் இதே பார்வைதான். நான் கஞ்சம் புடிச்சவன்னு உங்க ஊர் பூரா சொல்லிட்டாங்க. எங்க ஊர்ல அப்படித்தான் மாமா. பாதி பாதியா ஊத்திக்கிட்டே இருப்போம், விருந்தாளி இருந்துக்கிட்டே இருக்கணும்னு. விளிம்பு வரைக்கும் ஊத்துனா, குடிச்சுட்டுக் கெளம்புன்னு அர்த்தம். அது தெரியாம அத்தை எங்கப்பாவுக்கு ஆசையா நிறைய ஊத்திக் குடுத்துட்டாங்க. சம்பந்தியப் பாக்கணும்னு எங்க ஊரு நாரின்லேருந்து மலை தாண்டி வந்த மனுஷன். அடுப்புல கறி வெந்துட்டிருக்கு. மடமடன்னு குடிச்சாரு, தொப்பிய மாட்டுனாரு, நடையக் கட்டிட்டாரு. இவங்கப்பாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சு, மருந்து குடுக்கணும்னு அத்தை என்னப் பாத்துச் சொன்னாங்க.

அவரா? ஆஸ்பத்திரியிலேருந்து ஆறு மணிக்குத்தான் வருவாரு. பைய ஏன் மடியிலயே வச்சுக்கிட்டு இருக்கீங்க, கீழ வைங்க. நான் தொட மாட்டேன். உள்ள என்ன இருக்குன்னுதான் தெரியுமே. போன வியாழக்கிழமை சாப்பிடுற நேரத்துல அத்தை கூப்பிட்டாங்க. அவரு கையெல்லாம் சோறு, அதனால போன் ஸ்பீக்கர்ல. அவளுக்கு உப்பு, புளி தவிர என்ன புரியும், தைரியமா பேசுடான்னாங்க. உனக்கு வேற பொண்ணு பாத்திருக்கேன்னாங்க, நர்ஸாம். நல்லா சமைப்பாளாம். போட்டோவ பெரியப்பாகிட்ட குடுத்து விடுறேன், பாத்துட்டு அவரு கூடவே கெளம்பி வந்துருன்னாங்க.

நான் அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருந்தேன். வேணாம்மான்னு ஒரு வார்த்த சொல்லுவாருன்னு கரண்டியோட அப்படியே நின்னேன். அப்பளம் கருகிப்போச்சு. அவரா மாமா? தலையக் குனிஞ்சுக்கிட்டு ரசஞ்சோறப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாரு. நானும் போட்டேன்.

எனக்குப் பயமாத்தான் இருக்கு. இன்னைக்கு நீங்க வந்துட்டது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லப் போறதில்ல.

இந்தாங்க டீ. பாத்துப் புடிங்க மாமா, சிந்திரும். விளிம்பு வரைக்கும் ஊத்தியிருக்கேன்.