வராதவர் சம்மதித்தவர்

இந்த மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள் ஐயா. அது போடுகிற கிரீச்சில் நீங்கள் கேட்பது பாதி என் காதில் விழவில்லை. என் அலுவலகத்தில் இப்படி ஒரு சத்தத்தை நான் ஒரு நாளும் விட்டுவைத்ததில்லை. குழாய் சொட்டினாலும் கதவு இறுகினாலும் நானே நின்று பார்ப்பேன். ஓய்வூதிய வாரியத்தின் செயலாளர் என்றால் சும்மா கையெழுத்துப் போடுகிறவன் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். எதையும் மறைக்கப் போவதில்லை. வெட்கப்படவும் போவதில்லை.

வாரியத்தில் ஒன்பது பேர். நால்வர் துறைத் தலைவர்கள். மற்ற ஐவரை ஓய்வு பெற்றவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். துறைத் தலைவர்களில் வாரியத் தலைவரைத் தவிர மற்ற மூவரின் முகமே கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கும் மூட்டுவலி, தூரம், பேரப்பிள்ளைகள். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வராதவர் சம்மதித்தவர். செயலாளர் எழுதி வைக்கும் குறிப்புக்கு அவர் கை தூக்கியதாகவே கணக்கு. இருபது வருடம் இந்த வழக்கத்தில்தான் வாரியம் ஓடியது, ஒரு சண்டை சச்சரவு கிடையாது.

இதில் நான் செய்த ஒரே தவறு, என் மனைவியின் அக்காவைத் தேர்தலில் நிற்க வைத்தது. நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், ஓய்வு பெற்ற நர்ஸ். ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை. சொந்தக்காரி, சொன்ன இடத்தில் கை தூக்குவார் என்று நினைத்தேன். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது.

அவர் வாரியத்துக்கு வருவதற்கு முன்பே ஒரு தோட்டக்காரரின் விதவைக்கு ஓய்வூதியத்தை நிறுத்தியிருந்தோம். சான்றிதழில் ஒரு முத்திரை இல்லை, அவ்வளவுதான். அண்ணி அந்த அம்மாளின் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு, நேராக என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, அந்தம்மா பிரஷர் மாத்திரைய ரெண்டா உடைச்சு நாள் விட்டு நாள் சாப்பிடுது. இதுக்கு ஒன்பது பேருமா சம்மதிச்சீங்க?"

"வராதவங்க சம்மதிச்ச மாதிரிதான் அண்ணி. அதான் வழக்கம்."

"நல்ல வழக்கம் போங்க. ஆள் வராமலே கை மட்டும் வந்துடுது."

என் மனைவி சிரித்தாள். என் வீட்டில், என் மேசையில், என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதை நான் மறக்கவில்லை.

அதன் பிறகு அண்ணி ஓயவில்லை. வாரியத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். வந்தவர்களின் கை மட்டுமே கணக்கு. கூட்டம் நாலாம் மாடியில் அல்ல, கீழ்த்தளத்தில். செயலாளரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நாற்காலிக்காக நான் கவலைப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் வண்டி குடை சாய்ந்துவிடும், அதுதான் என் கவலை. தேர்ந்தெடுக்கப்பட்ட மற்ற நால்வரையும் அவர் தன் பக்கம் பேசி வைத்திருந்தார். அவர் வந்தால் அவர்கள் ஐந்து, நாங்கள் நான்கு. வராவிட்டால் அவர் கையும் எங்கள் கை.

அன்று மற்றவர்கள் லிஃப்டில் மேலே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணியின் ஆட்டோ வாசலில் நிற்பதை ஜன்னலில் பார்த்தேன். லிஃப்டின் சுவிட்ச் என் அறைக்கு வெளியே இருக்கிறது. நானே அணைத்தேன். பராமரிப்பு ஊழியரை இதில் இழுக்காதீர்கள், அவர் பாவம்.

திரும்பிப் போய்விடுவார் என்றுதானே அணைத்தீர்கள் என்று எனக்காக நீங்களே ஒரு பதில் எடுத்துக் கொடுக்கிறீர்கள். வேண்டாம் ஐயா. அவர் திரும்பிப் போகிற ஆள் இல்லை. மாடி ஏறவே கூடாது என்று இதய மருத்துவர் சொன்னபோது பக்கத்தில் நின்றவன் நான். ஏறுவார் என்றும் தெரியும், ஏறினால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

மூன்றாம் மாடியிலிருந்து போன் வந்தது.

"மாப்ள, நெஞ்சை அடைக்குது. படியிலயே உக்காந்துட்டேன். யாரையாச்சும் அனுப்புங்க."

"அசையாம அங்கயே இருங்கண்ணி. இதோ வரேன்."

போனைச் சைலண்டில் போட்டேன். கூட்டத்தில் போன் அடிப்பது மரியாதையில்லை.

"அக்கா கிளம்பிட்டேன்னு சொன்னாங்களே, கொஞ்சம் பொறுப்போமே" என்றார் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர்.

"எனக்கு இப்பத்தான் பேசினாங்க. உடம்பு முடியலையாம், வரலையாம். நாம ஆரம்பிக்கலாம்."

நான்குக்கு ஐந்து. தீர்மானம் தோற்றது. டீ கொடுத்தோம். பிறகு லிஃப்டைப் போட்டுவிட்டேன். வயதானவர்களைப் படியில் இறங்க விடுவது நியாயமா? எல்லோரும் அதிலேயே இறங்கிப் போனார்கள். அதனால் படிக்கட்டு வழியாக யாரும் போகவில்லை. சாயங்காலம் கூட்டிப் பெருக்க வந்த பெண்தான் பார்த்தாள்.

உடனே தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். இறந்தவரின் கையை எப்படிக் கணக்கில் சேர்த்தீர்கள் என்று கேட்டீர்கள். கை எண்ணும்போது அவர் உயிரோடுதான் இருந்தார் ஐயா. என் பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எண்ணிக்கையில் பிழை கிடையாது.

என் மனைவி அக்காவின் போனில் கடைசியாக என் எண்ணைப் பார்த்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். உங்கள் ஆள் மூலமாகத்தான் சொல்லி அனுப்பினேன்: நான் செய்தது தப்பு என்றால் இங்கே வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். இன்று வரைக்கும் நேரம் கொடுத்திருந்தேன்.

வாசலில் யாராவது இருக்கிறார்களா, பாருங்கள். இல்லையல்லவா? அப்படியானால் அவளும் சம்மதித்துவிட்டாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.