சுளுக்கு என்றுதான் சொன்னேன்

காரில் எங்கே நசுங்கியிருந்தாலும் நான் கண்ணை நம்புவதில்லை, கையை வைத்துத் தடவித்தான் பார்ப்பேன். நாற்பத்தோரு வருஷமாக டிங்கரிங் வேலை. அடிபட்ட வண்டியைத் தட்டி நிமிர்த்தி அனுப்புவது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், அதனால் நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவசரமில்லை.

என் மருமகனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். நல்ல பையன். வீட்டோடு மாப்பிள்ளை, என் பட்டறையிலேயே வேலை. அவன் தகரத்தைத் தொட்டால் தகரம் அவனைக் கடிக்கும், அப்படி ஒரு கைராசி. ஒரு நாள் மட்கார்டு விளிம்பு கட்டைவிரலைக் கிழித்தது. சீழ் வைத்து, வீங்கி, ஒரு வாரம் ஆட்டம் காட்டியது. நான்தான் ஓர் ஆணியை எண்ணெய்த் துணியில் துடைத்துக் கீறிவிட்டேன். ஆறிப்போயிற்று. ஆறின புண்ணை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

மூன்று வாரம் கழித்து இடுப்பு வலி என்றான். அப்புறம் தொடை இடுக்கில் என்றான். சாயங்காலமானால் காய்ச்சல் என்றான். வலது காலை மடக்கியபடியே நடந்தான். படுத்தாலும் முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டான். நீட்டினால் உயிர் போகிறதாம். அந்த வாரம்தான் தலைகீழாகக் கவிழ்ந்த வேன் ஒன்று வேலைக்கு வந்து நின்றது. வேனும் வலியும் ஒரே வாரத்தில் வந்தால் நான் என்ன நினைப்பேன்?

"நடிகர் வந்துட்டாரு, நாற்காலி போடுங்கடா" என்றேன். பட்டறையே சிரித்தது. அவனைப் போல நொண்டிக் காட்ட பெயின்டருக்கு நன்றாகவே வந்தது. அன்றிலிருந்து மருமகனுக்குப் பேர் நடிகர்.

டாக்டர்களாவது ஒழுங்காகச் சொன்னார்களா? முதல் ஆள் வாயு என்றார். இரண்டாவது ஆள் முதுகில் ஜவ்வு விலகியிருக்கிறது என்றார். மூன்றாவது ஆள் சிறுநீரகத்தில் கல் என்று சொல்லித் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஒரே வண்டிக்கு மூன்று பேர் மூன்று கோளாறு சொன்னால் வண்டியில் கோளாறே இல்லை என்று அர்த்தம்.

ஆகவே வெறும் சுளுக்குதான் என்று பட்டறையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, நானே வைத்தியம் பார்த்தேன். சேஸிஸையே நிமிர்த்துகிறவனுக்கு ஒரு கால் எம்மாத்திரம்? அவனைப் பட்டறை மேஜையில் கிடத்தி, தோளைப் பிடித்துக்கொள்ள வெல்டரை நிறுத்தி, முழங்காலின் மேல் என் பாரத்தைப் போட்டேன்.

"வேணாம் மாமா, உள்ள இழுக்குது, முதுகே கிழியுது மாமா."

"கிழிஞ்சா என்னடா, வெல்டர் பக்கத்துலதான இருக்காரு."

அவன் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, எஞ்சின் ஸ்டார்ட் ஆகலையா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

மகள்தான் அடம்பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா. அவனை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலது காலை மெதுவாகப் பின்னால் இழுத்துப் பார்த்தார். துடித்தான். உடனே விட்டுவிட்டார். நான் மேஜையில் செய்த அதே வேலை, கொஞ்சம் பலம் குறைவு.

"சமீபத்துல எங்கயாவது புண்ணு, கட்டி ஏதாவது வந்துச்சா?"

மருமகன் வாயைத் திறப்பதற்குள் "ஒண்ணுமில்லம்மா" என்றேன். ஆணி விஷயம் அங்கே எதற்கு. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். படுக்கை காலியில்லை, முடிவைப் பார்த்துத் தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் முடிவு வாங்க நான் மட்டும் போனேன். எனக்குப் படிக்க வராது என்றேன். என்ன வேலை என்று கேட்டார் டாக்டரம்மா. சொன்னேன். அவ்வளவுதான், என் பாஷையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"முதுகெலும்புலேர்ந்து தொடை வரைக்கும் உள்ளுக்குள்ள ஒரு தசை போகுதுப்பா. காலைத் தூக்குறதே அதுதான். அதுக்குள்ள ஒரு டம்ளர் சீழ் கட்டியிருக்கு. சில பேருக்கு முதுகெலும்புல காசநோய் இருந்தா வரும், குடல்லேர்ந்தும் வரும். இவருக்கு அதெல்லாம் தெரியல. ஏதோ புண்ணுலேர்ந்து கிருமி ரத்தத்துல ஏறிப் போயிருக்கும். துருப்பிடிச்ச தகரத்து மேல பட்டி பூசி பெயின்ட் அடிச்சா நிக்குமா?"

"நிக்காதும்மா. வெட்டித்தான் எடுக்கணும்."

"அதேதான். வெறும் மாத்திரை பட்டி மாதிரி. ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே ஊசி விட்டு, டியூப் வெச்சு சீழை வடிக்கணும். சீழைச் சோதிச்சு அதுக்கேத்த மருந்து சில வாரம் ஏத்தணும். பிழைச்சுக்குவாரு. ஆனா இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. விட்டா விஷம் உடம்பு பூரா பரவிடும்."

என் ஆயுசில் ஒரு டாக்டர் சொன்னது முழுசாகப் புரிந்தது அன்றைக்குத்தான்.

பட்டறை வாசலில் மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால் பெயின்டர், வெல்டர், எதிர்க்கடைக்காரர். வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"என்னப்பா சொன்னாங்க?"

"சுளுக்காம். ஒத்தடம் குடுத்தாப் போதுமாம்."

மகள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "முதலாளி, நீங்க அன்னைக்கே சொன்னீங்கல்ல" என்றான் பெயின்டர்.

அப்புறம் சொல்ல அதிகமில்லை. ரிப்போர்ட்டைக் கருவிப்பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன், நீங்கள் எடுத்தது அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து என் போனுக்கு ஆறு தடவை கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. காய்ச்சலுக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தது நான்தான். உடம்பு குளிர்ந்ததும் மகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒத்தடமும் நானே. எந்த மாமனார் இவ்வளவு செய்வான்? மூன்றாம் நாள் காலையில் அவனுக்கு மூச்சு இரைத்தது, பேச்சு குழறியது, என்னைப் பார்த்து யாரென்று கேட்டான். மத்தியானம் போய்விட்டான்.

மகள் என்னோடு பேசுவதில்லை. கோபம் தணிந்தால் பேசுவாள்.

படிக்காத கிழவன், விவரம் புரியாமல் செய்துவிட்டான் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். அப்படி எழுதாதீர்கள் ஐயா, அது பொய். விரோதம் என்றும் எழுதவேண்டாம், அவனை எனக்குப் பிடிக்கும். அவன் மட்டும் டியூபைச் சொருகிக்கொண்டு பிழைத்து வந்திருந்தால், அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.