கடைசித் தாள் கிழிந்த காதல் நாவல்

தலைமை நாற்காலியில் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் நூலகத் தலைவர் அவர்களே! மாடி அறையில் செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு நடத்தும் டீச்சரம்மா அவர்களே! எனக்கு முன்னே பேசி, எனக்கென்று கைதட்டலில் கொஞ்சம் மிச்சம் வைத்த வாசகர் வட்டத்துப் பெரியோர்களே! என்னைப் பெறாத தாய்மார்களே! தேநீர் வரும் வரை எதையும் தாங்குவது என்று முடிவு செய்துவிட்ட நண்பர்களே! மூன்றாம் வரிசையில் சாம்பல் நிறப் பையை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் என் வீட்டுக்காரம்மா அவர்களே! அனைவருக்கும் இந்தப் பூட்டுக்காரனின் பணிவான வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. பேச்சைத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பதினோரு நாள் எழுதினேன். கோணல் எழுத்து. சில எழுத்து குண்டு, சில எழுத்து குச்சி. ஒரு வரி மாடிக்கு ஏறுகிறது, அடுத்த வரி படியில் வழுக்குகிறது. நடுவில் நான் தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நூலகத் தலைவர் இந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போவதாகச் சொல்கிறார். ஒட்டட்டும். வாசிக்க வருகிறவர்கள் கண்ணாடியோடு வரட்டும்.

என் எழுத்து ஏன் இப்படிக் கோணுகிறது? அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை முப்பத்தொன்பது வருடமாக மூன்றாம் வரிசையில் இருப்பவளிடம் மறைத்து வந்திருக்கிறேன். இன்று இந்த மேடையை விட்டு இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருக்கிறேன். அதற்குள் தலைவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினால், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு காதல் நாவல்கள். கண்டேன் காதலை, அவையோரே! கட்டுக்கட்டாகக் கண்டேன்! கண்ணீரைக் கண்டேன், கடிதத்தைக் கண்டேன், கல்யாணப் பத்திரிகை கை தவறிக் கீழே விழக் கண்டேன். ஆனால் ஒரு கதாநாயகனாவது கடைக்குப் போய்க் கால் கிலோ வெங்காயம் வாங்கக் கண்டேனா? காணவில்லை! காய்ந்த துணியை ஒருவனாவது கொடியிலிருந்து எடுக்கக் கண்டேனா? காணவில்லை! கம்பெனி முதலாளி என்கிறார்கள். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று கேட்டால் அவன் எப்போது பார்த்தாலும் ஜன்னலோரம் நிற்கிறான். முதலாளி ஜன்னலோரம் நின்றால் கம்பெனியை யார் ஐயா பார்ப்பது?

அடுத்தது மோதல். அவள் புத்தகத்தை அணைத்துக்கொண்டு வருவாள். அவன் போனில் பேசிக்கொண்டு வருவான். மோதுவார்கள். புத்தகம் விழும், இதயமும் விழும். நான் சந்தைத் தெரு முனையில் நாற்பத்திரண்டு வருடம் பெட்டிக்கடை அளவு இடத்தில் உட்கார்ந்து சாவி வெட்டியவன். என் கடை வாசலில் மோதிக்கொண்டவர்களுக்குக் கணக்கே இல்லை. அவர்கள் பேசியதை இந்த மேடையில் சொல்ல முடியாது. தாய்மார்கள் இருக்கிறார்கள்.

சரி, பூட்டிய அறைக்கு வருவோம். என் தொழில் அல்லவா, இங்கே எனக்குப் பேச உரிமை உண்டு. மழை பெய்யும். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே அவனும் அவளும். இரண்டு அத்தியாயத்தில் காதல் பழுத்துவிடும். அவையோரே! இந்தக் கையால் நான் எத்தனை கதவு திறந்திருப்பேன்! உள்ளே சிக்கிக்கொண்ட எத்தனை ஜோடிகளை விடுவித்திருப்பேன்! ஒரு ஜோடியாவது கையைக் கோத்துக்கொண்டு வெளியே வந்ததா? கதவுக்கு இந்தப் பக்கம் நான் கம்பியை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் சத்தம் கேட்கும்.

"சாவிய நீதான வச்ச?"

"நானா? உங்க சட்டைப் பையப் பாருங்க மொதல்ல!"

"பாத்தாச்சு!"

"பாத்த லட்சணம்!"

கதவு திறந்ததும் இருவரும் என்னைப் பார்த்து, "ஏங்க இவ்வளவு நேரம்?" என்பார்கள். அந்த விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

சிரிக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிசை அண்ணன் தலையாட்டுவதைப் பார்த்தால், அவர் வீட்டுக் கதவையும் நான் திறந்திருக்கிறேன் போலிருக்கிறது.

எல்லாக் கதையும் ஒன்றுபோல இருப்பதால்தானே நம் நூலகத்து வாசகர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்? தலைவர் அவர்கள் தயவுசெய்து காதைப் பொத்திக்கொள்ளுங்கள். படித்து முடித்த நாவலின் இருபத்தைந்தாம் பக்கத்தில் பென்சிலால் ஓர் அடையாளம். நர்சம்மா ஒரு பூ போடுவார். தபால்காரர் ஒரு முக்கோணம். அந்த அடையாளம் இல்லாவிட்டால் படித்த கதையையே மறுபடி எடுத்துப்போய், பாதியில் நெற்றியில் அடித்துக்கொள்வோம். என் வீட்டுக்காரம்மாவின் அடையாளம் என்ன தெரியுமா? இரண்டு பல் வைத்த ஒரு சின்னச் சாவி.

இப்போது, அவையோரே, அந்த நூற்று நாற்பதாம் பக்கம். எந்தக் காதல் நாவலையும் எடுங்கள். அவன் ஓர் உண்மையை அவளிடம் மறைத்திருப்பான். சொல்லியிருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். சொல்ல மாட்டான். நூற்று நாற்பதாம் பக்கம் வாக்கில் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் பெட்டியைக் கட்டுவாள். ஆட்டோ வரும். அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். "அட முட்டாளே, முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று நீங்கள் திட்டுவீர்கள். நானும் திட்டியிருக்கிறேன். திட்டிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவேன். ஏன்?

என்னைப் பெண் பார்க்க அழைத்துப் போன அன்று, அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவருக்குப் படிக்கத் தெரியுமா? படிச்ச புத்தகத்தப் பத்தி ராத்திரி சாப்பிடும்போது பேசிக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்." என் தாய்மாமன் சற்றும் தயங்கவில்லை. "பையன் எட்டாவதும்மா! பேப்பர் பாக்காம காபி இறங்காது அவனுக்கு!" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அம்மா... மூன்றாம் வரிசை அம்மா... உங்கள் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு 'அ' என்றால் எது, 'ஆ' என்றால் எது என்று தெரியாது.

சொல்லிவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

கல்யாணமான வாரத்திலேயே கையில் ஒரு நாவலைக் கொடுத்தாள். நான் என்ன செய்தேன்? அவள் பக்கம் புரட்டும் வேகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு அதே வேகத்தில் புரட்டினேன். "எப்படி இருக்கு?" என்றாள். எனக்குத் தைரியம் கொடுத்தவை மூன்று கருத்துகள். ஒன்று, "முடிவு பிரமாதம்." இரண்டு, "அந்த மாமியார்க்காரி சரியில்ல." மூன்று, "அவன் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்." அவையோரே! இந்த மூன்றே கருத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் நான் வாசகனாக வாழ்ந்தேன்! ஒரு நாவலுக்காவது தவறிப்போனதா? போகவில்லை! காதல் நாவலைக் கேலி செய்கிறவர்களே, உங்களைக் கேட்கிறேன்: வேறு எந்த வகை நாவல் ஓர் எழுதப் படிக்கத் தெரியாதவனை இப்படிக் காப்பாற்றும்?

விலாசம் எழுதிக்கொள்ளச் சொல்வாள். "மனசுல எழுதிக்கிட்டேன்" என்பேன். மளிகைச் சீட்டை மடித்தபடியே கடைக்காரரிடம் நீட்டி, "நீங்களே பாத்துப் போடுங்க, கண்ணுல தூசி" என்பேன். பன்னிரண்டு வருடமும் என் கண்ணில் தூசி!

பதின்மூன்றாம் வருடத்தில் ஒரு நீல அட்டைப் புத்தகம் வந்தது. அட்டையில் குடை பிடித்த ஒரு பெண். மூன்று நாள் புரட்டினேன். "முடிவு எப்படிங்க?" என்றாள். "முடிவுதான் பிரமாதம்! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு!" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வழக்கத்தை விடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க, எனக்கும்" என்று சொல்லி அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் மாலை வீட்டில் உட்கார்ந்து நான் சாவி ராவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மனசுக்குள்ள படிச்சா எனக்குத் தூக்கம் வந்துடுதுங்க. சத்தமா வாசிக்கிறேன், நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க" என்றாள். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன்! அன்றிலிருந்து இருபத்தைந்து வருடம், அவையோரே, என் அரத்தின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது. அழுகை வரும் இடத்தில் நான் அரத்தை நிறுத்துவேன். அடிதடி வரும் இடத்தில் வேகமாக ராவுவேன். என் மூன்று கருத்து முந்நூறு கருத்தாகப் பெருகியது அப்போதுதான். ராத்திரிச் சாப்பாட்டில் நாங்கள் சண்டை போட்டோம். "அவ அவன மன்னிச்சிருக்கவே கூடாது" என்பேன். "உங்களுக்கென்ன, உக்காந்த எடத்துல தீர்ப்பு" என்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் பார்வை மங்கத் தொடங்கியது. "நடமாடலாம், சமைக்கலாம், படிக்கிறது மட்டும் இனிமே முடியாதும்மா" என்றார் கண் டாக்டர். அப்போது வாசித்துக்கொண்டிருந்த நாவலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், கதாநாயகன் கதாநாயகியின் வீட்டு வாசலில் மழையில் நிற்கிறான். அந்தப் பக்கத்தில் ஒரு சீப்பை அடையாளம் வைத்து மூடினாள். மாலை நேரத்தில் வீட்டில் என் அரத்தின் சத்தம் மட்டும்தான். எங்கே என்னை வாசிக்கச் சொல்லிவிடுவாளோ என்று நான் பயந்தேன். ஒரு நாளும் அவள் சொல்லவில்லை. சொல்லாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் சொல்லவில்லை என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை!

நூலகப் பூட்டுக்கெல்லாம் எண்ணெய் விடப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, டீச்சரம்மாவின் மாடி எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். பதினான்கு மாதம் எண்ணெய் விட்டேன், தலைவர் அவர்களே! இந்தக் கட்டடத்தில் இருப்பதோ நான்கு பூட்டு. எழுத்துக் கூட்டி வாசிக்க வந்ததும், "எனக்கு ஒரு காதல் கதை குடுங்க" என்று கேட்டேன். "இந்த வயசுலயா?" என்றார் டீச்சரம்மா. "இனிமே தள்ளிப் போட எங்கிட்ட வயசு இல்ல டீச்சர்" என்றேன்.

போன மாதம் கீழ் அலமாரியில் குடை பிடித்த அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அதே நீல அட்டை! இருபத்தைந்தாம் பக்கத்தில் அதே சின்னச் சாவி! ஒன்பது நாள் ஆயிற்று வாசிக்க. கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். "அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்து" என்று இருக்கிறது. அடுத்த தாளைக் காணோம். கிழிந்துபோயிருக்கிறது. அதற்குக் கீழே பென்சிலால், மளிகைச் சீட்டில் நான் மடித்து மடித்துக் கொண்டுபோன அதே கையெழுத்தில், ஒரு வரி: "கடைசித் தாள் இல்லை. பார்த்து என்ன செய்தாளோ! அவரிடம் கேட்க வேண்டும்."

என்னிடம் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாள், அவையோரே! கேட்டாள்! இல்லாத முடிவைப் பிரமாதம் என்றேன்! இல்லாத தாளுக்குக் கண்ணீர் விட்டேன் என்றேன்!

தெரிந்துவிட்டது அவளுக்கு. அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. கேள்வி கேட்டாளா? இல்லை. கேலி செய்தாளா? இல்லை. என் மாமனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை! எத்தனை நாவல் எழுதியவர்களாக இருந்தாலும் இந்த மேடைக்கு வாருங்கள்! உங்கள் நாவலில் உண்மை தெரிந்தவள் பெட்டியைக் கட்டுகிறாள். என் வீட்டில் உண்மை தெரிந்தவள் புத்தகத்தை விரித்தாள்! உங்கள் நாவலில் ஆட்டோ வருகிறது. என் வீட்டில் அவள் குரல் வந்தது, இருபத்தைந்து வருடம், ஒரு நாளும் தவறாமல் வந்தது! நூற்று நாற்பதாம் பக்கம் என்றைக்கு வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். அது எப்போதோ வந்து, என்னைத் தொந்தரவு செய்யாமல், என்னைத் தாண்டிப் போயிருக்கிறது!

என்ன சொல்கிறாள்? கொஞ்சம் அமைதி... "சத்தமா வாசிங்க, பின்னாடி கேக்கல" என்கிறாள். சரிம்மா.

கிழிந்த அந்தத் தாளை நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பதினோரு நாளில் நான்கு நாள் இதற்கே போய்விட்டது. தலைவர் அனுமதித்தால் புத்தகத்தில் ஒட்டிவிடுகிறேன். வாசிக்கிறேன்.

"அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்து, ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சத்தமா வாசிக்கிறேன் என்றாள். அவன் அரத்தைக் கீழே வைத்தான்."

அவ்வளவுதான். அம்மா, முப்பத்தொன்பது வருடமாக நீங்கள்தான் கேட்டீர்கள். இன்று நான் கேட்கிறேன். முடிவு எப்படி இருக்கிறது?

எழுந்து நிற்கிறாள்... பையை நாற்காலியில் வைக்கிறாள்... கேட்டதா உங்களுக்கு? கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: "முடிவு பிரமாதங்க. ஆனா அவன் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்!"

கைதட்டல் அவளுக்கு. முழுக்க அவளுக்கு.

பென்சில் பிடிக்க வைத்த கைக்கும், பொய்யான எண்ணெயைப் பொறுத்துக்கொண்ட நான்கு பூட்டுக்கும், கோணல் எழுத்தைக் காது கொடுத்துக் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் என் நன்றி. கடைசித் தாள் இல்லாத நாவல் இந்த அலமாரியில் இன்னும் ஆறு இருக்கிறது, எண்ணிவிட்டேன். அடுத்த வாரம் பச்சை அட்டைக்கு எழுதிக்கொண்டு வருகிறேன். இப்போது என்னைப் போக விடுங்கள். வீட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒருத்தன் இரண்டு வருடமாக மழையில் நனைந்துகொண்டு நிற்கிறான். போய் அவனுக்குக் கதவைத் திறக்க வேண்டும். வணக்கம்.