ஆளுக்கொரு கால்

லோகு: இல்ல தினா... நீ சொல்றதுதான் கரீட்டு. கேளம்பாக்கம் சம்பந்தம்தான் நம்ம ஏரியாவுலயே பெரிய ஃபுட்பால் ஸ்ட்ரைக்கர். பேனர்ல டைப் பண்ணிக்கோ சத்யா.

தினகரன்: பண்ணாதம்மா. பம்மல் பரணிதான் பெரிய ஆளு. இத்தனை நாள் நான் புரியாம பேசிட்டேன்.

சத்யப்ரியா: ரெண்டு பேரும் இடம் மாறி உக்காந்துட்டீங்களாண்ணா? லோகு அண்ணன்னா பரணி, தினா அண்ணன்னா சம்பந்தம். பன்னெண்டு வருஷச் சண்டை. போன வருஷம்கூட இந்தக் கடை ஸ்டூல் ஒண்ணு போச்சு.

லோகு: அது அப்போ. மன்சன் திருந்தக் கூடாதா?

சத்யப்ரியா: தாராளமா திருந்துங்க. ஆனா அஞ்சு மணிக்குக் கரண்ட் போயிடும். ‘நம் வட்டாரத்தின் தலைசிறந்த ஸ்ட்ரைக்கர்’னு மேல அடிச்சாச்சு. கீழ ஒரு போட்டோ, ஒரு பேரு. சொன்னா பேனர் ரெடி.

தினகரன்: பரணி.

லோகு: சம்பந்தம்.

சத்யப்ரியா: ...சாப்பிடறீங்களா? டப்பால மிச்சம் இருக்கு. சண்டை போடத் தெம்பு வேணும்ல.

லோகு: குடு. இன்னாது, இவ்ளோ மஞ்சளா கீது?

சத்யப்ரியா: முட்டைப் பொரியல்.

தினகரன்: வெறும் மஞ்சக்கருவா இருக்கே. வெள்ளை எங்கம்மா?

சத்யப்ரியா: எங்க வீட்ல வெள்ளை மிஞ்சாதுண்ணா. அதுவும் இந்த ரெண்டு நாளா சுத்தமா இல்ல.

லோகு: டேஸ்டாதான் கீது... ஆங், சம்பந்தம். இன்னா ஆட்டம் அது. செங்கல்பட்டு டீம்கூட ஆடறப்போ கோல்கீப்பர் முன்னாடி போயி நின்னாரு. ‘உன் சைக்கிள எவனோ தள்ளிகினு போறான் பாரு’ன்னாரு. அவன் திரும்பினான். கோல்.

தினகரன்: அது ஏமாத்து வேலைன்னு பஸ்ல என் சட்டையைக் கிழிச்சது யாரு?

லோகு: இப்ப யோசிச்சா அது மூளை மச்சான்.

தினகரன்: ஸ்ட்ரைக்கருக்கு மூளை எதுக்குடா? கால்தான் முக்கியம். பரணி அடிச்சாரே ஒண்ணு... பந்து கோல் கம்பத்துல பட்டு, கம்பம் சாஞ்சு, கோல்கீப்பர் பயந்து ஓடி, அப்புறம் பந்து மெதுவா உருண்டு உள்ள போச்சு. உலகத்துல எவன் அடிச்சிருக்கான் அந்த மாதிரி?

லோகு: அது கரையான் அரிச்ச கம்பம்.

தினகரன்: நீயா சொல்ற? அந்தக் கரையானைப் பத்திப் பேசினதுக்கு என்கூட ஆறு மாசம் பேசாம இருந்தியே.

லோகு: கரையான் இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? உன் வாயால வரக் கூடாதுன்னுதான்...

சத்யப்ரியா: சரி, ரெண்டு பேர் போட்டோவையும் போட்டுடறேன்.

லோகு: வேணாம்.

தினகரன்: வேணவே வேணாம்.

சத்யப்ரியா: இதுல மட்டும் ஒத்துமையா?

லோகு: போட்டா ரெண்டு பேரும் வரணும்மா...

தினகரன்: வந்து பந்தை உதைக்கணும்.

சத்யப்ரியா: அதுக்குத்தானே பேனரே. பேனர்ல இருக்கறவரு மொதல் பெனால்ட்டி அடிச்சாத்தான் நாளைக்கு ஃபைனல் ஆரம்பிக்கும். உங்க கிளப் வழக்கம் ஆச்சே.

லோகு: ஆளு வரலன்னா அதுக்கும் ஒரு வழக்கம் கீது.

சத்யப்ரியா: தெரியும். கூட்டிட்டு வர்றேன்னு சொன்னவரைக் கோல் போஸ்ட்ல கட்டி வெச்சு, ஆளுக்கொரு பந்து அடிப்பீங்க. போன வருஷம் சாம்பசிவன் அண்ணன்.

தினகரன்: இருபத்திரெண்டு பந்து.

லோகு: இருவத்திமூணு. ரெஃப்ரியும் ஒண்ணு அடிச்சாரு.

தினகரன்: மேல பட்டது நாலுதான். இப்போ இருக்கற பசங்க லட்சணம் அப்படி.

சத்யப்ரியா: அப்போ விஷயம் இதுதான். யாரோட ஆளு ஜெயிக்கறாரோ, அவங்கதான் நாளைக்கு ஆளைக் கொண்டாந்து நிறுத்தணும். அதான் ரெண்டு பேரும் தோக்கப் பாக்கறீங்க.

லோகு: சேச்சே...

சத்யப்ரியா: லோகு அண்ணா, வாசல்ல நிக்கற உங்க ஷேர் ஆட்டோ முன்னாடி ஏன் நசுங்கியிருக்கு?

லோகு: மாடு முட்டுச்சு.

சத்யப்ரியா: எந்த மாடு?

லோகு: ...பம்மல் மாடு.

சத்யப்ரியா: தினா அண்ணா, சட்டையெல்லாம் மீன் வாடை அடிக்குதே?

தினகரன்: மார்க்கெட் போனேன்.

சத்யப்ரியா: பையில மணலு?

தினகரன்: மார்க்கெட்ல... மணல் இருக்கும்மா.

லோகு: நம்ம ராஜகீழ்ப்பாக்கம் மார்க்கெட்ல ஏதுடா மணலு? இன்னா பண்ண நீ?

தினகரன்: நீ என்ன பண்ண? மாடு முட்டினா கொம்பு பட்ட ஓட்டை இருக்கும். இது வட்டமா உள்ள போயிருக்கு.

லோகு: நீ மொதல்ல சொல்லு.

தினகரன்: டாஸ் போடுவோம்.

லோகு: போடு. பூவு.

சத்யப்ரியா: தலை. சொல்லுங்கண்ணா.

லோகு: ...முந்தாநேத்து பரணி அண்ணன் வூட்டுக்குப் போனேன். இந்த மாரி, நீதாண்ணா நம்ம ஏரியாவுக்கே பெரிய ஸ்ட்ரைக்கர், நீதான் வந்து ஃபைனல ஆரம்பிக்கணும்னேன். அழுதுட்டாரு. இருவது வருசமா ஒரு நாயும் வந்து எட்டிப் பாக்கலடான்னாரு. அதோட வந்துருக்கணும். என் வாயி சும்மா இருக்குமா... ஒரே ஒரு கிக் அடிச்சுக் காட்டுண்ணான்னேன்.

தினகரன்: ஐயோ.

லோகு: ஆட்டோ முன்னாடி பந்த வெச்சேன். அதே பழைய மாரி பத்தடி பின்னால போயி, வேட்டிய மடிச்சுக் கட்டிகினு ஓடியாந்தாரு. பந்து வெச்ச எடத்துலயே கீது. பம்பருதான் உள்ள போச்சு.

தினகரன்: கால்?

லோகு: வலது காலு. மூணு வெரலு. அப்பிடியே மண்ணுல உக்காந்துகினு, ‘கோலா?’ன்னு கேட்டாரு.

தினகரன்: நீ என்ன சொன்ன?

லோகு: கோலுண்ணான்னேன். வேற இன்னாடா சொல்றது?

சத்யப்ரியா: ...அப்புறம்?

லோகு: பம்மல் தோல் டேனரி பின்னாடி, எலும்பு ஒடஞ்சா புத்தூர்க் கட்டு போடற வைத்தியரு ஒத்தர் கீறாரு. அவரு ஷெட்டுல கொண்டுபோய் படுக்க வெச்சேன். கட்டு போட ஒரு ட்ரே முட்டை கேட்டாரு. வாங்கிக் குடுத்துட்டு வந்துட்டேன். அப்பால போயி பாக்கவேயில்ல. எந்த மூஞ்ச வெச்சுகினு போறது?

தினகரன்: லோகு... அந்த ஷெட்டுல எத்தனை கட்டிலு?

லோகு: ரெண்டு. ஏன்?

தினகரன்: பக்கத்துக் கட்டில்ல யாரு?

லோகு: நான் வரும்போது காலியா கெடந்துச்சு. நேத்து எவனோ ஒரு கெழவன் வந்துட்டானாம். அண்ணன் போன்ல ஒரே பொலம்பலு. மூஞ்ச போத்திகினு, போர்வைக்குள்ளேர்ந்தே நக்கல் பண்றானாம். அந்தக் கம்பத்துல கரையான்னு சொல்றானாம். இவனுக்கு எப்பிடிடா தெரியும்னு என்னியக் கேக்கறாரு.

தினகரன்: ஐயையோ, போர்வைக்குள்ளேர்ந்தா?

லோகு: இன்னாடா?

தினகரன்: அவரு எங்காளு.

லோகு: எவரு?

தினகரன்: சம்பந்தம். நேத்து அவரைப் பாக்கக் கோவளம் கடற்கரைக்குப் போயிருந்தேன். நானும் அதையேதான் கேட்டேன், ஒரே ஒரு கிக்குன்னு. பந்துக்குப் பின்னாடி மணல்ல நங்கூரம் புதைஞ்சு கிடந்ததை நானும் பாக்கல, அவரும் பாக்கல. இடது கால். நல்லாக் கட்டுவார்னு பம்மல்ல அதே ஷெட்டுக்குத்தான் தூக்கிட்டு வந்தேன். பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் சுவத்துப் பக்கம் திரும்பித் தூங்கிட்டிருந்தாரு, யாருன்னு பாக்கல.

லோகு: அடப்பாவி... ரெண்டு பேரையும் ரெண்டே நாள்ல படுக்க வெச்சுட்டோமே.

தினகரன்: நாளைக்கு ஆளுக்கொரு போஸ்ட். எனக்கு அந்த வேப்பமரத்துப் பக்கம் குடுத்துடு. வெயில் படாது.

லோகு: நான் கூட்டாந்தது மொதல்ல. நெழலு எனக்குத்தான்.

சத்யப்ரியா: போஸ்டெல்லாம் வேணாம்ணா. பேனர் காலைலயே அடிச்சாச்சு. உங்க பின்னாடி சுருட்டி வெச்சிருக்கேன், பிரிச்சுப் பாருங்க.

லோகு: புடிடா அந்தப் பக்கம்... டேய் தினா. ஒத்தரு தோள் மேல ஒத்தரு கை போட்டுகினு நிக்கறாங்கடா.

தினகரன்: கால்ல கட்டோட. எப்போ எடுத்த போட்டோம்மா இது?

சத்யப்ரியா: இன்னிக்குக் காலைல எங்கப்பா எடுத்தாரு. ஒருத்தருக்கு வலது கால் நல்லாருக்கு, ஒருத்தருக்கு இடது கால். சேந்து நின்னா ஒரு ஆளு, ஒரு கிக் அடிச்சிடலாம்னு அவங்களே பேசி முடிச்சுட்டாங்க. எந்தக் கால் உதைக்கறதுன்னுதான் இன்னும் சண்டை.

லோகு: அப்போ எங்கள ஏன்மா இவ்ளோ நேரம் பேச வுட்ட?

சத்யப்ரியா: ‘அவனுங்க வாயால உண்மை வருதான்னு பாரு’ன்னு பெரியவங்க ரெண்டு பேரும் சொல்லி அனுப்பினாங்க. வந்தா, சாயங்காலம் வந்து பாக்கச் சொன்னாங்க.

தினகரன்: அதெல்லாம் சரி... அந்த ஷெட்டுல உங்கப்பாவுக்கு என்னம்மா வேலை?

சத்யப்ரியா: கட்டு போட்டவரே அவருதாண்ணா. நீங்க சாப்பிட்டீங்களே மஞ்சக்கரு, அதோட வெள்ளையெல்லாம் அவங்க ரெண்டு பேர் கால்லதான் காஞ்சுகிட்டு இருக்கு.