பூசணம் பிடித்த வைக்கோல்

மாப்பிள்ளையூரணியிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா விடாமல் இருமினாள்.

“யக்கா, எங்க லேப்ல பூசணம் பிடிச்ச வைக்கோல் தூசியத்தான் எலிக்கு மூக்குல விடுதோம்” என்றாள் தங்கை.

“எலிக்கா? எதுக்குளா?”

“நுரையீரல் எப்படிக் கெடுதுன்னு பாக்கத்தான். நீ மாட்டுக்கு வைக்கோல் உதறுன அன்னிக்கெல்லாம் சாயங்காலம் காய்ச்சலும் இருமலும் வருதுல்லா?”

“மழையில நனைஞ்ச வைக்கோல். உதறுனா புகை மாதிரி பறக்கும்.” அக்கா மறுபடியும் இருமிவிட்டுக் கேட்டாள். “அந்த எலியெல்லாம் பிழைச்சுதா?”

“தூசிய சீக்கிரமே நிப்பாட்டினா தேறிரும்.”

“நிப்பாட்டலன்னா?”

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் கல்யாணம் ஆன நாள்லருந்து உதறுதேனே, ஏளா.”

“ஆஸ்பத்திரி ஸ்டாப் வருது. இறங்கு, நெஞ்ச எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்துருவோம்.”

“மத்தியானம் மாட்டுக்கு யாரு போடுவா?”

“நான் போய்ப் போடுதேன்.”

“நீ அந்த வைக்கோல் பக்கமே போகாத!” அக்கா போட்ட சத்தத்தில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தங்கைக்கு முன்னால் எழுந்து படிக்குப் போனாள்.